ரதிதேவியின் இரத்த வகை

கர்ப்பிணியைப் பார்க்க வீட்டுக்கு வந்த மிட்வைஃப் ஆங்கிலத்தில்தான் கேட்டாள். ஆனாலும் ரதிதேவிக்கு அது முழுதாக விளங்கிவிட்டது. ஊரை விட்டு இந்த நாட்டுக்கு வந்து, நியூ லின்னில் ஒரு சூப்பர்மார்க்கெட்டின் பேக்கரிப் பகுதியில் பல வருடங்களாக வேலை செய்பவள் அவள். ஆட்கள் வேகமாகப் பேசினால்தான் தடுமாறுவாள். இந்தப் பெண் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாகப் பேசினாள்.

"ராகவி, இதற்கு முன்பு எப்போதாவது கர்ப்பமாக இருந்ததுண்டா? கலைந்துபோயிருக்கலாம், கலைத்திருக்கலாம். எதுவானாலும் என்னிடம் சொல்லலாம்."

ராகவி அந்த வீட்டின் மருமகள். ரதிதேவியின் மகன் ரஜிதனைக் கல்யாணம் செய்து ஒன்றரை வருடம்தான். இப்போது மூன்று மாதக் கர்ப்பம். சோபாவில் கால்களை மடக்கி உட்கார்ந்திருந்தவள், கேள்வி தனக்கில்லை என்பதுபோலச் சிரித்தாள்.

"இல்லை. இதுதான் முதல்."

"எப்போதாவது இரத்தம் ஏற்றியிருக்கிறார்களா? விபத்து, ஒப்பரேஷன் ஏதாவது?"

"இல்லை."

மிட்வைஃப் தன் கைபேசித் திரையை மறுபடி பார்த்தாள். பிறகு விளக்கினாள். ராகவியின் இரத்தம் ஓ நெகற்றிவ். அதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பொசிற்றிவ் இரத்தத்தை எதிரியாக நினைத்து அழிக்கிற ஓர் எதிர்ப்புச் சக்தி அவளுடைய உடம்பில் ஏற்கெனவே உருவாகியிருக்கிறது. பொசிற்றிவ் இரத்தம் ஒரு தடவையாவது உள்ளே போகாமல் அது உருவாகாது. அநேகமாக முந்திய ஒரு குழந்தையிடமிருந்துதான் தாய்க்குள் வரும். இப்போது வயிற்றில் இருப்பது பொசிற்றிவ் குழந்தை என்றால், அதன் இரத்தத்தையும் அந்தச் சக்தி அழிக்கப் பார்க்கும். ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிடுவார்கள், கவனமாகப் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டு, ராகவியின் தோளைத் தட்டிக்கொடுத்துப் போனாள்.

மிட்வைஃபுக்கென்று ஊற்றிய தேத்தண்ணி சமையலறை மேடையில் அப்படியே இருந்தது. ரதிதேவி அதைக் கொண்டுபோய்க் கொடுக்க மறந்திருந்தாள். முந்திய ஒரு குழந்தை. அந்தச் சொற்களைத் தவிர வேறு எதுவும் அவள் தலைக்குள் நிற்கவில்லை.

"பிள்ளை, அவ என்ன கேட்டவ?"

"ஏதோ அன்ரிபொடி இருக்காம் மாமி. டொக்டரிட்டப் போகவேணுமாம்."

"அதில்லை. முதல் பிள்ளை எண்டு என்னவோ கேட்டவ."

ராகவியின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. "நான் இல்லை எண்டு சொன்னனான்தானே மாமி."

"நீ சொன்னது எனக்குக் கேட்டது. இரத்தம் வேற மாதிரியெல்லோ சொல்லுது?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது ரதிதேவிக்கே உறைத்தது. ஆனால் சொல்லைத் திருப்பி எடுக்கவும் மனம் வரவில்லை. ராகவி எழுந்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

ரஜிதன் வீடுகளைச் சூடாக்கும் ஹீட் பம்ப் பூட்டும் வேலையில் இருக்கிறான். அன்று பின்னேரம் வந்தவன், வேலைச் சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடியே தாய் சொன்னதைக் கேட்டான். கைபேசியில் தேடி வாசித்தான். பிறகு அறைக் கதவைத் தட்டி உள்ளே போனான். அந்த வீட்டின் சுவர்கள் பலகைதான். ஹோலில் இருந்த ரதிதேவிக்கு எல்லாம் கேட்டது.

"ராகவி, என்னட்டச் சொல்லும். எனக்கு முந்தி ஏதாவது நடந்திருந்தாலும் பரவாயில்லை. நான் கோபிக்கமாட்டன்."



"நடக்காத ஒண்டுக்கு நீங்கள் என்னை மன்னிக்கிறியளா?" என்று ராகவி கேட்டாள். அழுகிற குரல் இல்லை. "ஒரு கேள்வியாவது டொக்டரிட்டக் கேட்டனீங்களா? உங்களுக்கு முதல் வந்தது அதுதானா?"

ரஜிதன் வெளியே வந்து குசினிக் கதிரையில் உட்கார்ந்தான். தாயின் முகத்தைப் பார்க்கவில்லை.

ராகவியின் தகப்பனுக்கு ஃபோன் எடுத்தது ரதிதேவிதான். செல்வரத்தினம் நகரத்தின் மறுபக்கத்தில், கிளென்ஃபீல்டில் தனியாக இருந்தார். அங்குள்ள மோல் கடைத்தொகுதியில் சாவி வெட்டி, சப்பாத்துத் தைத்துக் கொடுக்கும் சின்னக் கடை அவருடையது. மனைவி ஊரில், யுத்த நேரத்தில், குண்டு விழுந்து செல்லடியில் செத்துப்போனவள். ராகவிக்கு அப்போது நாலு வயது. மகளை அவர் தனியாளாக வளர்த்து, பன்னிரண்டு வயதில் இங்கே கூட்டி வந்தார். அதிகம் கதைக்கமாட்டார். சம்பந்தம் பேசிய நாளில்கூட ஓம், இல்லை என்ற இரண்டு சொற்களிலேயே எல்லாவற்றையும் முடித்தவர்.

"அண்ணை, ஒருக்கா வாங்கோ. பிள்ளையின்ர விசயம். ஃபோனில கதைக்க ஏலாது."

சனிக்கிழமை காலையில் அவர் வந்தார். என்ன கேட்பது, எப்படித் தொடங்குவது என்று ரதிதேவி மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். எங்கள் குடும்பத்திடம் மறைத்து விட்டீர்களே என்பதுதான் அதன் முடிவு. ஆனால் மிட்வைஃப் சொன்னதைச் சொல்லத் தொடங்கிய உடனேயே செல்வரத்தினம் கையை உயர்த்தி மறித்தார்.

"என்ன நெகற்றிவ் எண்டவை?"

"ஓ நெகற்றிவ். பொசிற்றிவ் இரத்தம் முந்தி உள்ளுக்குப் போயிருக்காம். பிள்ளை உண்டானால்தான் அப்பிடி வருமாம்."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சோபாவில் இருந்தார். ரஜிதன் தண்ணீர் கொண்டுவர எழுந்தான். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார்.

"அது என்ர இரத்தம்," என்றார்.

அறைக்குள்ளிருந்து வந்த ராகவி வாசற்படியில் அப்படியே நின்றாள்.

"ரண்டாயிரமாம் ஆண்டு. சாவகச்சேரிப் பக்கம் ஒரே செல்லடி," என்றார் செல்வரத்தினம். மகளைப் பார்க்காமல், கார்ப்பெற்றைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அண்டைக்கு நீ பெரியம்மா வீட்டில இருந்தனீ எண்டு உனக்குச் சொல்லியிருக்கிறன். பொய். நீ அம்மாவின்ர இடுப்பில இருந்தனீ. அவவுக்குள்ளால வந்த செல் துண்டுதான் உன்ர விலாவில ஏறினது."

ராகவியின் வலது கை தானாக விலாப் பக்கம் போனது. அங்கே ஒரு நீண்ட தழும்பு இருந்தது. முள்ளுக்கம்பி வேலியில் விழுந்து கிழித்தது என்று அவள் ரஜிதனிடம் சொல்லியிருந்தாள். அவளுக்கும் அப்படித்தான் சொல்லப்பட்டிருந்தது.

"ஒரு பள்ளிக்கூடத்திலதான் ஆஸ்பத்திரி நடந்தது. உனக்கு இரத்தம் எல்லாம் போயிட்டுது. டொக்டர் சொன்னார், பிள்ளை நெகற்றிவ், அந்த இரத்தம் இஞ்ச ஒரு சொட்டும் இல்லை எண்டு. நான் ஓ பொசிற்றிவ். என்னைப் பக்கத்துக் கட்டிலில படுக்க வைச்சு எடுத்துத்தான் உனக்கு ஏத்தினவை. இப்ப உயிர் தப்பட்டும், பிறகு கல்யாணம் கட்டிப் பிள்ளை பெறேக்கை டொக்டர்மாருக்குக் கட்டாயம் சொல்லவேணும் எண்டு சொன்னவர்."

"ஏன் அண்ணை சொல்லேல்லை?" என்று ரதிதேவி கேட்டாள்.

"அதைச் சொன்னால் மற்றதையும் சொல்லவேணும். அம்மா செத்த இடத்தில தானும் இருந்தது பிள்ளைக்குத் தெரியவேண்டாம் எண்டு நினைச்சன். பிறகு... அந்த நாளை நானே தொடுறதில்லை."

ராகவி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "அம்மா உடனே செத்தவவா?"

"ஓம்."

அவள் பின்கதவைத் திறந்து வளவுக்குள் போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. ரஜிதன் ஒரு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினான். அதை அவள் வாங்கவில்லை. அவன் அதைக் கையில் பிடித்தபடி, அவளுக்குப் பக்கத்தில் போகவும் முடியாமல், திரும்பி வரவும் முடியாமல், மழையில் நின்றான். ரதிதேவி ஜன்னலுக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளையின் உடம்பில் தகப்பனுடைய இரத்தம் இருந்ததற்கு, தான் என்ன பெயர் வைத்தோம் என்று நினைக்கவே அவளுக்குக் கூசியது.

அடுத்த கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. ரஜிதனின் தாயும் வந்தால் நல்லது, அவருடைய இரத்த வகையும் தெரிய வேண்டும் என்றார்கள். ரதிதேவிக்குத் தன் இரத்த வகை தெரியாது. ஊரிலும் யாரும் சொன்னதில்லை, இங்கேயும் சத்திர சிகிச்சை எதுவும் செய்ததில்லை. ராகவி அவளோடு முகம் கொடுத்துக் கதைத்து நாட்களாகியிருந்தன. ராகவி காரின் பின்சீற்றில் உட்கார்ந்து போனாள்.

டாக்டர் மஹதி சென்னைக்காரர். இவர்கள் தமிழர் என்று தெரிந்ததும் தமிழிலேயே பேசத் தொடங்கினார்.

"பயப்படாம கேளுங்க. இந்த பாசிட்டிவ், நெகட்டிவ்ங்கறது ஒவ்வொருத்தருக்கும் ரெண்டு பங்கா வருது. அம்மாகிட்ட இருந்து ஒண்ணு, அப்பாகிட்ட இருந்து ஒண்ணு. ஒரு பங்கு பாசிட்டிவ்னாலே ஆள் பாசிட்டிவ். ரெண்டு பங்கும் நெகட்டிவா வந்தாத்தான் நெகட்டிவ்."

"என்ர அப்பா பொசிற்றிவ்," என்றாள் ராகவி. "அப்ப நான் எப்பிடி நெகற்றிவ்?"

"அவருக்குள்ள ஒரு நெகட்டிவ் ஒளிஞ்சிட்டிருக்கு. உங்க அம்மாகிட்டயும் ஒண்ணு இருந்திருக்கு. ரெண்டு பேரும் அந்தப் பங்கை உங்களுக்குக் குடுத்துட்டாங்க. அவ்வளவுதான். இப்ப ரஜிதன் பாசிட்டிவ். அவரோட ரெண்டு பங்கும் பாசிட்டிவ்னா குழந்தை கண்டிப்பா பாசிட்டிவ்தான். அவருக்குள்ளயும் ஒரு நெகட்டிவ் இருந்தா, குழந்தைக்குப் பாதிக்குப் பாதி சான்ஸ். அவரோட அம்மா நெகட்டிவ்னா அவருக்குள்ள ஒண்ணு கண்டிப்பா இருக்கும். அதனாலதான் அவங்களை வரச் சொன்னோம்."

ரஜிதன் முன்னால் குனிந்தான். "குழந்தை பொசிற்றிவ் எண்டால் என்ன நடக்கும்?"

"முதல் குழந்தைக்கு சாதாரணமா ஒண்ணும் ஆகாது. அது பொறக்கும்போதுதான் அதோட ரத்தம் அம்மாகிட்ட கலக்கும், எதிர்ப்பு உருவாகும். அடுத்த குழந்தைங்களுக்குத்தான் கஷ்டம். ராகவிக்கு அது சின்ன வயசுலயே வந்துட்டதால இந்தக் குழந்தையையே நாம ஜாக்கிரதையா பாக்கணும். கவனிக்காம விட்டா குழந்தைக்கு ரத்தம் குறையும், பொறந்ததும் மஞ்சளா போகும். இன்னும் மோசமானா உள்ளேயே உடம்பு வீங்கி..."

"நிப்பாட்டுங்கோ," என்றாள் ரதிதேவி.

மூவரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கதிரையின் விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள்.

"என்னம்மா?" என்றார் டாக்டர்.

"மஞ்சளா எண்டால்... எப்பிடி மஞ்சள்?"

"கண்ணு, தோலு எல்லாம் மஞ்சளா. பால் குடிக்காது."

"முதுகு வில்லு மாதிரி பின்னுக்கு வளையுமா?"

டாக்டர் மஹதி பேனையைக் கீழே வைத்தார். "அம்மா, உங்களுக்கு எத்தனை பசங்க?"

"ஒண்டு," என்றாள் ரதிதேவி. பிறகு, "மூண்டு," என்றாள்.

ரஜிதன் தாயை யாரோ புது ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். முப்பத்துமூன்று வயது வரைக்கும் அவனுக்கு யாரும் அதைச் சொன்னதில்லை.

"இவன்தான் மூத்தவன். இவன் நல்லாப் பிறந்தான். அடுத்தது பொம்பிளைப் பிள்ளை. பிறக்கேக்கை வடிவாத்தான் இருந்தவ. அடுத்த நாள் மஞ்சள் பூசினமாதிரி வந்திட்டா. பால் குடிக்கேல்லை. மூண்டாம் நாள் போயிட்டா. மற்றது ஆம்பிளைப் பிள்ளை. அவன் வயித்துக்கேயே வீங்கி... முகத்தை எனக்குக் காட்டவும் இல்லை." அவள் அழவில்லை. ஒரே மூச்சில், யாருக்கோ வழி சொல்வதுபோலச் சொன்னாள். "என்ர வயித்தில தோஷம் எண்டு இவரின்ர ஆக்கள் சொன்னவை. கலியாணத்துக்கு முந்தி நான் ஏதோ செய்த பாவம் எண்டும் சொன்னவை. இவர் ஒண்டும் சொல்லேல்லை. இல்லை எண்டும் சொல்லேல்லை."

'இவர்' என்பது பாஸ்கரன், அவள் கணவன். ரானுயியில் இப்போது இருக்கும் வீட்டை வாங்கிய மறு வருடம் மாரடைப்பில் இறந்துபோனவர்.

டாக்டர் எழுந்து வந்து அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். "அம்மா, உங்க ரத்தத்தை எடுத்துப் பாத்துட்டுத்தான் உறுதியா சொல்லணும். ஆனா நீங்க சொல்றதைக் கேட்டா இதேதான். தோஷமும் இல்ல, பாவமும் இல்ல. நீங்க நெகட்டிவ், உங்க வீட்டுக்காரர் பாசிட்டிவ். அவ்வளவுதான்."

"இதுக்கு அப்ப மருந்து ஒண்டும் இல்லையா?"

டாக்டர் சற்றுத் தயங்கினார். "ஒரு ஊசி இருக்கு. முதல் குழந்தை பொறந்த உடனே அம்மாவுக்குப் போடுறது. உங்க ஊர்ல அந்த யுத்த நேரத்துல கிடைச்சிருக்குமான்னு எனக்குத் தெரியல."

ஓர் ஊசி. ரதிதேவி தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். இத்தனை வருடங்களாகக் கோயில்களில் கேட்டது, விரதம் இருந்தது, மற்றவர்களின் வளைகாப்புக்குப் போகாமல் வீட்டிலேயே நின்றது எல்லாம் ஓர் ஊசிக்குப் பதிலாகவா? அவளுக்குக் கோபம் வரவில்லை. துக்கமும் வரவில்லை. காதுக்குள் ஒரு பெரிய சத்தத்துக்குப் பிறகு வருகிற அடைப்பு மட்டும் இருந்தது. கையை நீட்டச் சொன்னார்கள், நீட்டினாள். ஊசி ஏறியது அவளுக்குத் தெரியவில்லை.

அவளுடைய இரத்தம் பி நெகற்றிவ். முடிவை டாக்டர் மஹதி அடுத்த நாள் ஃபோனில் சொன்னார்.

அன்று பின்னேரம் ராகவி உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த இடத்துக்கு ரதிதேவி போனாள். கூடையிலிருந்து ஒரு துவாயை எடுத்து உதறினாள், மறுபடி மடித்தாள்.

"பிள்ளை, என்னட்டயும் இப்பிடித்தான் கேட்டவை. கேட்டவையின்ர முகம் இண்டைக்கும் எனக்கு ஞாபகம். பிறகும் நான் உன்னட்டக் கேட்டன்."

ராகவி ஒரு சட்டையைக் கொடியில் கொழுவினாள். "எனக்கு இன்னும் கோபம் இருக்கு மாமி," என்றாள்.

"இருக்கட்டும். அது நியாயம்தான்."

"அவரிலதான் கூடக் கோபம்."

"அதுவும் நியாயம்தான்."

கடைசி உடுப்பையும் கொழுவிய பிறகு ராகவி கேட்டாள். "அந்தப் பிள்ளையளுக்குப் பேர் வைச்சனீங்களா?"

"மகளுக்கு மட்டும். மனசுக்குள்ள. ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

ராகவி அந்தப் பெயரைக் கேட்கவில்லை. வெறும் கூடையின் ஒரு பக்கத்தைப் பிடித்தாள். மற்றப் பக்கத்தை ரதிதேவி பிடித்தாள்.

ராகவியின் இரத்தத்திலிருந்தே குழந்தையின் வகையைக் கண்டுபிடிக்கிற ஒரு சோதனை இருந்தது. பாதிக்குப் பாதி என்ற அந்த வாய்ப்பில், ரஜிதன் குழந்தைக்குக் கொடுத்தது பாஸ்கரனிடமிருந்து வந்த பொசிற்றிவ் பங்கு. முடிவு வந்த அன்று அவன் வேலைக்குப் போகவில்லை. "நானே குடுத்திட்டன்," என்று சொல்லிக்கொண்டு ராகவியின் காலடியில் நிலத்தில் உட்கார்ந்திருந்தான். தாய் பழி சுமந்து தனியே நின்ற அந்த வருடங்களில் தகப்பன் எப்படி வாய் திறக்காமல் இருந்தார் என்று அவன் கேட்டான். ராகவி அவனுடைய தலையில் கை வைத்தாள். மழையில் நின்ற அந்த நாளுக்குப் பிறகு அவள் அவனைத் தொட்டது அப்போதுதான்.

பிறகு அடிக்கடி ஸ்கேன். ஆறாம் மாதம் முடிகிற நேரத்தில் குழந்தைக்கு இரத்தம் குறைகிறது என்றார்கள். வயிற்றுக்குள் இருக்கும்போதே ஏற்றவேண்டும். மெல்லிய ஊசியைத் தாயின் வயிற்றுக்குள்ளால் விட்டுத் தொப்புள்கொடியில் ஏற்றுவார்களாம். ரதிதேவி கையை நீட்டினாள்.

"என்ர நெகற்றிவ்தானே டொக்டர், என்னில எடுங்கோ," என்றாள்.

"நீங்க பி-ம்மா. குழந்தைக்கு ஓ நெகட்டிவ் வேணும்."

செல்வரத்தினம் கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். அவரும் சேட்டுக் கையை மடித்துவிட்டார். டாக்டர் மஹதி அவருடைய கையை மெதுவாக இறக்கிவிட்டார். "உங்களோடதும் ஆகாதுங்க ஐயா. ரத்தம் இருக்கு. யாரோ குடுத்தது தயாரா இருக்கு." செல்வரத்தினம் மடித்த சேட்டுக் கையை இழுத்துவிடாமலேயே ஆஸ்பத்திரித் தாழ்வாரக் கதிரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளே யாரென்று தெரியாத ஒருவரின் இரத்தம் அவருடைய பேத்திக்கு ஏறியது. இன்னும் இரண்டு தடவை அப்படி ஏற்றினார்கள்.

குழந்தை நாளுக்கு முந்தியே பிறந்தது. பெண். பிறந்த கொஞ்ச நேரத்தில் மஞ்சள் காணத் தொடங்கியது. நீல விளக்கின் கீழே, கண்ணைக் கட்டி, டயப்பரோடு கிடத்தியிருந்தார்கள். ரதிதேவி வாசல் வரைக்கும் போனாள். அந்த நிறத்தைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டாள். வருகிற போகிற ஒவ்வொரு தாதியிடமும் "பால் குடிக்கிறாவா?" என்று கேட்டாள். குடிக்கிறா என்று அவர்கள் சொன்னதை நம்பவில்லை. கடைசியில் ராகவி சக்கர நாற்காலியில் வந்து, "வாங்கோ மாமி, நீங்களே பாருங்கோ," என்று கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். குழந்தை போத்தல் சூப்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. முதுகு நேராகத்தான் இருந்தது. ரதிதேவிக்கு அங்கேதான் அழுகை வந்தது. ஒரு தாதி வந்து கதிரை போடும் அளவுக்கு அழுதாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் குழந்தைக்கு ஒவ்வொரு கிழமையும் குதியில் குத்தி இரத்தம் பார்த்தார்கள். ஒரு தடவை மறுபடியும் ஏற்றவேண்டி வந்தது. பிறகு அது தானாகவே இரத்தம் ஊறப் பழகிக்கொண்டது. அடுத்த பிள்ளையைப் பற்றி யோசிக்கும்போது முதலே வந்து கதையுங்கள், அது இதைவிடக் கடினமாக இருக்கலாம் என்று டாக்டர் மஹதி சொன்னார். இப்போதைக்கு இது போதும் என்றாள் ராகவி.

ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வரத்தினம் கிளென்ஃபீல்டிலிருந்து வருவார். ஒவ்வொரு முறையும் ராகவி அவரிடம் ஏதாவது ஒன்று கேட்பாள். அதற்கு மேல் அவரால் தாங்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். அம்மாவின் குரல் எப்படி இருக்கும் என்று ஒருநாள் கேட்டாள். அம்மா என்னை என்ன சொல்லிக் கூப்பிடுவா என்று இன்னொரு நாள்.

அன்று அவள் கேட்டாள். "அப்பா, அண்டைக்கு அம்மா என்னையும் தூக்கிக்கொண்டு எங்க போனவ?"

ரதிதேவி குழந்தையைத் தோளில் போட்டு, முதுகைத் தடவியபடி ஜன்னல் பக்கம் நின்றாள். உள்ளே போய்விடலாமா என்று யோசித்தாள். ராகவி கண்ணால் நில்லுங்கோ என்றாள்.

"பாண் வாங்க, பேக்கரிக்கு," என்றார் செல்வரத்தினம். "நான்தான் போறன் எண்டனான். நீ அம்மாவோட போகவேணும் எண்டு அழுதனீ. அதுதான் அவ உன்னைத் தூக்கிக்கொண்டு போனவ."

ராகவி எழுந்து தகப்பனுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ரஜிதன் தேத்தண்ணிக்குக் கேத்தலைப் போட்டான்.